ஈஸியான சாஃப்ட்வேர் கேட்பவர்களுக்கு

மாதத்துக்கு ஒருவராவது போன் போட்டுக் கேட்டுவிடுகிறார்கள். "அண்ணாச்சி, எங்க அப்பாவுக்குக் கண்ணு தெரியாம போயிட்டு, கம்ப்யூட்டர்ல ஈஸியா ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கா?" என்று. சில சமயம் அப்பாவுக்காக, சில சமயம் பள்ளிக்கூடம் போகும் மகளுக்காக, சில சமயம் சர்க்கரையில் பார்வை மங்கிப்போய் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் தனக்காகவே கேட்பார். எல்லோரிடமும் ஒரே கதையைப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எழுதி வைத்துவிட்டால் லிங்க் அனுப்பிவிடலாமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வினாத்தாள் தயாரிப்பது, மாணவர்களின் வருகையை ஏற்றுவது, மெயில், பேங்க், ரயில் டிக்கெட், இந்தப் பதிவு எல்லாமே ஒரு சாதாரண விண்டோஸ் லேப்டாப்பில்தான் நடக்கின்றன. திரையைக் கறுப்பாக்கி வைத்துக்கொண்டே வேலை பார்ப்பேன், அதற்கும் ஒரு வசதி இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து ஏமாந்து போவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பதில் என்விடிஏ. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அது. காசு கிடையாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்பவர் 2006-ல் இதை எழுத ஆரம்பித்தார், ஜேம்ஸ் டே என்பவர் கூடச் சேர்ந்துகொண்டார். இருவருக்குமே பார்வை கிடையாது. பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். மெனுவெல்லாம் தமிழிலேயே வரும்படி நம் ஆட்கள் மொழிபெயர்த்தும் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு முன்னால் என்ன பாடு பட்டோம் என்று இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது திரைவாசிப்பான் என்றாலே ஜாஸ்தான். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978-ல் கார் விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர், டாஸ் காலத்திலேயே தொடங்கி வைத்தது அது. இன்றைக்கும் அருமையான மென்பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டாலரில் விலை. உரிமம் வாங்காமல் ஓட்டினால் 40 நிமிடம் பேசும், அப்புறம் வாயை மூடிக்கொள்ளும். கணினியை மூடித் திரும்பப் போட்டால் மறுபடியும் 40 நிமிடம். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் கட்டுரை எழுதியதெல்லாம் இந்த 40 நிமிடக் கணக்கில்தான். நல்ல ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, சேமித்து, மூடித் திறந்து உட்கார்ந்தால் வாக்கியம் எங்கேயோ போயிருக்கும். என்விடிஏ வந்தபோது எங்களுக்கு ஏன் அவ்வளவு கொண்டாட்டமாக இருந்தது என்பது இதைப் பட்டவர்களுக்குப் புரியும்.

இப்போது அந்த 'ஈஸி'யைப் பற்றி. கேட்கிறவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் பெரிய பெரிய பட்டன், குறைவான மெனு, நாலே நாலு வேலை என்கிற மாதிரி ஒன்று. அப்படியும் மென்பொருள் இருக்கிறது. இங்கிலாந்தில் டால்ஃபின் என்ற கம்பெனி கைடு என்று ஒன்று செய்தது. மெயில், கடிதம், தாளை ஸ்கேன் செய்து படிப்பது, புத்தகம் கேட்பது எல்லாம் வரிசையாக ஒரு மெனுவில் இருக்கும், அதுவே ஒவ்வொரு படியாகக் கேட்டுக் கேட்டு வழி நடத்தும். என் பெரியப்பாவுக்குக் கண் அழுத்த நோயில் பார்வை போனபோது லண்டனில் இருக்கும் அண்ணன் இதைத்தான் வாங்கி அனுப்பவா என்று கேட்டான்.

நான் வேண்டாம் என்றேன். கை நடுக்கம் இருக்கிறது, கீபோர்டையே தொட்டதில்லை, மகனுக்கு மெயில் அனுப்பினால் போதும் என்கிறவருக்கு அது சரி, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மெனுவுக்கு வெளியே ஒரு வேலை வந்துவிட்டால் ஆள் மாட்டிக்கொண்டார். பென்ஷன் தளம் அதற்குள் இருக்காது. பக்கத்து வீட்டுப் பையன் உதவிக்கு வந்தாலும் அவனுக்கு வேர்டு தெரியும், குரோம் தெரியும், இது தெரியாது. பெரியப்பாவோ ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அந்தக் காலத்து டைப்ரைட்டிங் ஹையர், தமிழ் ஆங்கிலம் இரண்டிலும். விரலுக்குக் கீபோர்டு தெரிந்த மனிதரைப் போய் அந்த மெனுவுக்குள் அடைத்து வைப்பானேன்?

என்விடிஏவைப் பதிவிறக்கி என்டர் தட்டினால் ஒரு சின்ன இசை வரும், உடனே அதுவே பேச ஆரம்பித்துவிடும். அதாவது நிறுவுவதற்கே கண் பார்க்கிறவர் உதவி வேண்டியதில்லை. (பதிவிறக்கும்போது நன்கொடை கேட்பார்கள். முடிந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் தாண்டிப் போக வழி இருக்கிறது.) பெரியப்பாவுக்கு முதல் நாளே தகராறு. அதோடு கூட வரும் ஈஸ்பீக் என்ற குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. "என்னல இது, தகர டப்பாக்குள்ள இருந்துக்கிட்டு எவனோ பேசுத மாதிரி இருக்கு!" என்றார். உண்மைதான், மனிதர் பேசிய ஒலியை வெட்டி ஒட்டாமல் முழுக்க முழுக்கக் கணினியே உருவாக்கும் குரல் அது, இனிமைக்கு வாய்ப்பே இல்லை. ஆனால் எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் எழுத்து தெளிவாக விழும். நான் ஓட்டும் வேகத்தில் கேட்டால் என் மனைவிக்கு அது தமிழா என்றே தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு வேகம் தேவையில்லை, இதமான குரல்தான் வேண்டும். விண்டோஸிலேயே ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் அதற்கு வள்ளுவர் என்றே பெயர் வைத்திருக்கிறது. மொழி அமைப்பில் போய்த் தமிழைச் சேர்க்கும்போது பேச்சையும் சேர்த்து இறக்கிக்கொண்டால் என்விடிஏவில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். வள்ளுவரை வைத்துக் கொடுத்ததும் பெரியப்பா சமாதானமானார்.

நான் அவருக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு விஷயம். இன்செர்ட் கீயை அழுத்திக்கொண்டு 1-ஐத் தட்டினால் கீபோர்டு முழுவதும் பயிற்சிக் களமாகிவிடும். எந்தக் கீயை அழுத்தினாலும் அதன் பெயரையும் அது என்ன செய்யும் என்பதையும் சொல்லும், ஆனால் ஒன்றும் செய்யாது. எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் பெரியவர்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய தடை, அது இங்கேயே பாதி போய்விடுகிறது. மறுபடி இன்செர்ட்டும் 1-ம் அழுத்தினால் பழைய நிலை. அவர் மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கீயாகத் தட்டிக்கொண்டிருந்தார், பெரியம்மா காப்பி ஆறிப்போகுது என்று திட்டும் வரைக்கும்.

எங்களுக்கு எளிமை என்றால் என்ன என்று நான் இப்படித்தான் சொல்வேன். ஒரு கீயை அழுத்தினால் நேற்று என்ன நடந்ததோ அதுவே இன்றும் நடக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். இவ்வளவுதான். மெனுவில் முப்பது வரி இருந்தாலும் பரவாயில்லை, முதலெழுத்தைத் தட்டிப் போய்விடுவோம். பார்வையுள்ளவர்களுக்கு முப்பது வரி கண்ணைக் கரிக்கும், எங்களுக்கு அது ஒன்றன்பின் ஒன்றாக வரும் சத்தம்தானே.

இணையத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தவுடன் எச் கீயைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். கே தட்டினால் அடுத்த இணைப்பு, பி தட்டினால் பட்டன், டி தட்டினால் அட்டவணை, ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் பின்னோக்கி. இன்செர்ட்டும் எஃப்7-ம் சேர்த்தால் பக்கத்தில் உள்ள இணைப்புகள், தலைப்புகள் எல்லாம் வகைவாரியாகப் பட்டியலில் வந்து நிற்கும். நீங்கள் கண்ணால் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் ஓட்டுகிறீர்களே, எங்களுக்கு அது எச் எச் எச். எழுதியவர் தலைப்பை உண்மையாகவே தலைப்பு என்று குறித்திருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி விட்டால் பார்க்கிறவருக்குத் தலைப்பு, எங்களுக்கு இன்னொரு வரி. என் மாணவர்கள் கொடுக்கும் கட்டுரைகளில் இதற்கு நான் மதிப்பெண் குறைப்பது உண்டு.

திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை என்பது பலருக்கும் தெரிவதில்லை. இப்போது எந்தப் பொருளின் மேல் நிற்கிறோமோ அதைப் பற்றி அந்தந்த நிரலிடமே விசாரிக்கிறது. உன் பேர் என்ன, நீ பட்டனா செக் பாக்ஸா, டிக் ஆகியிருக்கிறாயா இல்லையா என்று. நிரல் எழுதியவர் பதில் எழுதி வைத்திருந்தால் "சேமி, பட்டன்" என்று வரும். படத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் பெயரே வைக்காமல் போயிருந்தால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று வரும். பெயர் வைக்காத பிள்ளைகள் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி, இதில் ஒருத்தன்தான் பணம் அனுப்புவான், கண்டுபிடி என்றால் எப்படி? எந்த பேங்க் என்று சொல்ல மாட்டேன், ஒரு ஆப்பில் நான் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கடைசியில் வேறு எதற்கோ விண்ணப்பம் போட்டு வைத்தேன். பிறந்த தேதியை எழுத விடாமல் காலண்டரைக் காட்டி மாதம் மாதமாகப் பின்னால் போகச் சொல்லும் தளங்கள் வேறு இருக்கின்றன. என் வயதுக்கு அது ஒரு மதிய வேலை.

இதெல்லாம் உலகம் முழுக்க இருக்கும் குறைகள், எங்கேயோ யாரோ சண்டை போட்டுச் சரி செய்துகொண்டிருக்கிறார்கள். எங்களுக்கென்றே தனியாக இருக்கும் தலைவலி தமிழ்தான். மென்பொருள் எப்போதோ எளிதாகிவிட்டது. அதன் முன்னால் நாம் கொண்டுபோய் வைக்கும் தமிழ்க் கோப்புகள்தான் இன்னும் ஆகவில்லை, இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல வந்ததே இதைத்தான்.

ஒரு சுற்றறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவருக்கு அழகான தமிழ். நான் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். காரணம், அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து ஏமாற்றுகிறவை. பாமினியில் 'அம்மா' என்று அடித்திருந்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச். திரைவாசிப்பான் பாவம், உள்ளே இருப்பதைத்தானே படிக்கும்? அம்மா என்று கூப்பிட்டால் எனக்கு "எம்கே செமிகோலன் கேஎச்" என்று கேட்கிறது. தமிழக அரசு 2010-லேயே, தமிழ் எழுத்துக்கென்று தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனால் அடிக்கிறவர் விரல் பழகிவிட்டது, மேசையில் இருக்கும் கணினியில் அந்த எழுத்துரு இருக்கிறது, அச்சில் நன்றாகத்தான் வருகிறது, பிறகென்ன? இப்படி வரும் கோப்புகளை நான் என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றிப் படிக்கிறேன். எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும், அது தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

யூனிகோடில் அடித்தாலும் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் இன்னொரு கூத்து. கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். உள்ளே ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் போய்த் தனியாக நிற்கும், கால் எங்கேயோ தனியாக அலையும். கேட்டால் திக்கித் திக்கி ஏதோ வரும். அதனால் யாராவது எனக்குக் கோப்பு அனுப்புவதாகச் சொன்னால் "வேர்டாவே அனுப்பிடுங்க சார்" என்று கெஞ்சுவேன். தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? அது வெறும் போட்டோ. அதை கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும், தமிழ் அதில் நன்றாகவே வருகிறது. கைவசம் அந்த வழி இருப்பதால்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நல்ல யூனிகோடுத் தமிழிலேயே கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உண்டு. ஔவையார் என்று எழுத வேண்டிய இடத்தில் பாதிப் பேர் ஒ-வை அடித்து, பக்கத்தில் ள-வை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்று மாதிரியே தெரியுமாம். எனக்கு "ஒ-ள-வையார்" என்று ஏதோ ஒரு புதுப் பாட்டி வருகிறார். அதே மாதிரி எ என்ற எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ௭-ஐப் போட்டு வைப்பார்கள். 'என்ன' என்று எழுதியிருப்பதாக எழுதியவர் நினைப்பார், எனக்கு "ஏழு" என்று தொடங்கும். முதல் முறை ஒரு மாணவனின் கட்டுரையில் இதைக் கேட்டபோது என்னடா ஏழு ஏழாக எண்ணுகிறான் என்று நினைத்தேன். கூகுளில் தேடினாலும் இந்தச் சொற்கள் சரியாக மாட்டாது என்பதால் இது எங்கள் பிரச்சினை மட்டும் கிடையாது. கண் இருக்கிறவர்களுக்குத் தெரியாத எழுத்துப்பிழை எங்கள் காதுக்கு உடனே தெரிகிறது. பத்திரிகைகள் பிழை திருத்த எங்களில் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், சும்மா சொல்லவில்லை.

எழுதுவதில் எங்கள் பக்கமும் கஷ்டம் இருக்கிறது. ன, ந, ண மூன்றையும் இயந்திரக் குரல் பிரித்துச் சொல்வதில்லை. ல, ள, ழ-வும் கிட்டத்தட்ட அப்படித்தான். காதை மட்டும் நம்பி எழுதினால் 'மணம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மனம்' வந்து நிற்கும். இதனால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக் கொடுங்கள் என்று மன்றாடுகிறேன். ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ் வரும் முறையில் எல்லாம் என், எல் சுற்றியே ஓடும், கேப்பிட்டலா ஸ்மாலா என்று குழப்பம். தமிழ்99-ல் ன ஒரு கீ, ண ஒரு கீ, ந ஒரு கீ, மூன்றும் வெவ்வேறு இடத்தில். காது குழம்பினாலும் விரல் குழம்பாது. எஃப், ஜே இரண்டு கீயிலும் சின்ன மேடு இருக்கும், தொட்டுப் பாருங்கள். எஃப் மேட்டில் புள்ளி உட்கார்ந்திருக்கிறது, ஜே மேட்டில் ப. அங்கே விரலை வைத்துவிட்டால் மற்றதெல்லாம் கைக்கெட்டும் தூரம். பெரும்பாலும் இடது பக்கம் உயிர், வலது பக்கம் மெய் என்பதால் மனதில் நிற்கவும் சுலபம். அதோடு ஔ-வுக்கென்றே தனி கீ இருக்கிறது, ஔவையாரைப் பிளக்க வேண்டிய அவசியமே இல்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த அமைப்பு இது. பார்வையற்றவர்களை நினைத்துச் செய்ததில்லை என்றாலும் எங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்துவிட்டது. விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் வேண்டாம். பெரியப்பா மட்டும் விதிவிலக்கு. அவர் விரல் பழைய டைப்ரைட்டர் அமைப்பில் ஊறியது, என்எச்எம் ரைட்டரில் அதையும் வைத்திருக்கிறார்கள், அதையே போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது அவர் கலெக்டருக்குப் போடும் மனுக்களின் எண்ணிக்கை ஊரில் பேச்சாகியிருக்கிறது.

படிக்க எங்கே போவது என்று கேட்பார்கள். மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் 1998-லிருந்து தன்னார்வலர்களால் நடக்கிறது. சங்க இலக்கியம் தொடங்கி யூனிகோடு எழுத்தாகவே கொட்டிக் கிடக்கிறது, அலங்காரம் எதுவும் இல்லாத தளம், எங்களுக்கு அதைவிட எளிதாக ஒன்றைச் செய்துவிட முடியாது. சுகம்ய புஸ்தகாலயா என்று 2016-ல் தொடங்கிய இணைய நூலகமும் இருக்கிறது, படிக்க முடியாத குறைபாடு உள்ளவர்கள் உறுப்பினராகிப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளலாம், தமிழும் உண்டு. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து எங்களுக்காக ஒரு புத்தகத்தைப் படிக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றுவது குற்றம் கிடையாது. இது தெரியாமல் இன்னும் சில பதிப்பகங்கள் மென்பிரதி கேட்டாலே திருடனைப் பார்ப்பது போல் பேசுகின்றன. சென்னையில் இருப்பவர்கள் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருப்பவர்களுக்கு வேறு கதை. எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. விண்டோஸ் கீயோடு பிளஸ் அழுத்தினால் உருப்பெருக்கி வந்துவிடும், விண்டோஸ் கீயும் எஸ்கேப்பும் அழுத்தினால் மறையும். எல்லோரும் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவள் கேட்டாள், "சார், நாலு மடங்கு பெரிசாக்கினா திரையில பதினாறுல ஒரு பங்குதான் தெரியும், மிச்சம் எங்க இருக்குன்னு தேடறதுலயே கண்ணு வலிச்சிடும், சேவ் பட்டன் கீழ்க் கோடியில இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" நியாயம்தானே. அவள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி இது. பிரவுசரில் படிக்கும்போது உருப்பெருக்கியைத் தொடாமல் கன்ட்ரோலும் பிளஸ்ஸும் அழுத்துவாள், நன்றாகச் செய்த தளமாக இருந்தால் எழுத்து பெரிதாகி வரியும் திரைக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். உருப்பெருக்கி தேவைப்படும் இடத்தில் கன்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தி நிறத்தைத் தலைகீழாக்கிக்கொள்வாள், வெள்ளைப் பின்னணியின் கூச்சம் போய்விடுகிறதாம். ஒவ்வொரு தட்டுக்கும் 100 சதவீதம் தாவுவதை அமைப்பில் போய் 25 ஆக்கி வைத்திருக்கிறாள். நீளமான எதையும் படிக்க மாட்டாள், என்விடிஏவைப் படிக்கவிட்டுக் கேட்பாள்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. கொஞ்சம் பார்வை இருக்கிற பிள்ளைகளிடம் பெற்றோர், "உனக்குத்தான் தெரியுதே, எதுக்கு அந்தப் பேசுற சாஃப்ட்வேர்" என்று தடுத்துவிடுகிறார்கள். பிள்ளை மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு கழுத்து வலியோடு பரீட்சைக்குப் படிக்கிறது. இரண்டையும் கற்றுக்கொடுங்கள். எது எப்போது வேண்டும் என்று அதுவே முடிவு செய்துகொள்ளும்.

அப்புறம், பேங்குகள் ஆளைச் சரிபார்க்கும் இந்தக் கேஒய்சி. கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு என்று ஆப் சொல்லும். என் கண் சிமிட்டும், ஆனால் கேமரா எங்கே, வட்டம் எங்கே, என் முகம் அதற்குள் இருக்கிறதா என்று யார் சொல்வது? ஆசிட் வீச்சில் இமையே சிதைந்துபோனவர்களிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களும் பார்வையற்ற ஒரு வழக்கறிஞரும் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வாங்கினார்கள். டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும், கண் சிமிட்டலைத் தவிர வேறு வழியும் வைக்க வேண்டும் என்று 20 உத்தரவுகள். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆர். மகாதேவன் நம் ஊர்க்காரர். உங்கள் பேங்க் முடியாது என்று சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள், மேனேஜரின் குரல் உடனே மாறும். எனக்கு மாறியது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? விண்டோஸ் கணினி இருந்தால் போதும், புதிது வேண்டாம். விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உள்ளேயே இருக்கும் நேரேட்டர் பேசும், அதை வைத்துக்கொண்டு என்விடிஏவை இறக்குங்கள். முதல் வாரம் இணையம் பக்கமே போகாதீர்கள். நோட்பேடைத் திறந்து எழுதுவது, அம்புக்குறியில் எழுத்தெழுத்தாகக் கேட்பது, அழிப்பது, சேமித்ததைத் திரும்பக் கண்டுபிடிப்பது, இவ்வளவு வந்தால் போதும். மவுஸைக் கழற்றித் தூர வைத்துவிடுங்கள், வீட்டில் யாராவது ஓடி வந்து "நான் கிளிக் பண்ணித் தர்றேன்" என்பார்கள், அதைத் தவிர்க்க இதுதான் வழி. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் குரல் மாற்றி மாற்றி அவதிப்பட வேண்டாம், அந்தத் தகர டப்பாக் குரல் பரவாயில்லை என்றால் ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலை வைத்தால் நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் அது ஆங்கிலமாகவே படித்துவிடும். இன்செர்ட் கீ எட்டாத லேப்டாப்பில் கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், தொடக்கத்தில் வரும் பெட்டியிலேயே கேட்கும்.

சிக்கிக்கொண்டால் இப்போது ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. 2025.1 பதிப்பிலிருந்து என்விடிஏவுக்குள்ளேயே ரிமோட் சேர்த்துவிட்டார்கள். கருவிகள் மெனுவில் இருக்கும். நீங்கள் ஒரு சாவி எண்ணை உருவாக்கி எனக்குச் சொன்னால், உங்கள் கணினி பேசுவது இங்கே என் காதில் கேட்கும், நான் இங்கே தட்டும் கீ அங்கே வேலை செய்யும். தென்காசியில் பெரியப்பா மெயிலைத் தொலைத்துவிட்டுக் கூப்பிடும்போதெல்லாம் நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டே தேடிக் கொடுக்கிறேன். உங்களுக்கும் செய்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுங்கள், மற்ற நாளில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன், எடுக்க மாட்டேன்.